மூன்றெழுத்து இடத்தில் நாலெழுத்து

பாசிர் ரிஸ்ஸில் எங்கள் புளோக்கின் லிஃப்ட் வாசலில் போன வாரம் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவப்போகிறார்களாம். வியாழக்கிழமை காலை குழாய்த் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக வரக்கூடும் என்று நான்கு மொழிகளிலும் போட்டிருந்தது. நான் முதலில் தமிழைப் படித்தேன். அப்புறம் ஆங்கிலத்தைப் படித்தேன். 'கூடும்' இருந்த இடத்தில் அதில் 'மே' என்று இருந்தது. நேரே வீட்டுக்குள் போய் இரண்டு வாளி, ஓர் அண்டா, பிரஷர் குக்கர், பூச்சாடி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டேன்.

"ஏங்க, வரக்கூடும்னுதானே போட்டிருக்கு? வரும்னா போட்டிருக்கு?" என்றாள் மனைவி, பூச்சாடியைப் பார்த்தபடி.

வியாழக்கிழமை தண்ணீர் பளிங்கு மாதிரி வந்தது. நான் அதையும் நம்பவில்லை. இவ்வளவு சுத்தமாக வருகிறதென்றால் என்னத்தையோ கலந்திருக்கிறார்கள் என்று இன்னும் இரண்டு நாள் அண்டாத் தண்ணீரையே குடித்தேன். எண்பதைத் தாண்டியவன், ஏதோ பயம் என்று நீங்கள் நினைக்கலாம். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்கும் ஆங்கிலத்தின் 'மே'க்கும் அறுபது வருஷத்துக்கு மேலாகப் பகை. இதில் தப்பு செய்தது நான்தான், பாவம் அந்தச் சொல் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்த அறிவிப்புத் தாளை முகர்ந்துகூடப் பார்த்தேன். (லிஃப்டில் வந்த சீனப் பாட்டியம்மா என்னைப் பார்த்துவிட்டு அடுத்த லிஃப்டுக்குக் காத்திருந்தார்.) இப்போதைய தாளுக்கு வாசனையே கிடையாது. எங்கள் காலத்துத் தாள் மணக்கும். டைப்ரைட்டர் ரிப்பனின் எண்ணெய் மணம் ஒன்று, கார்பன் தாளின் மெழுகு மணம் ஒன்று. மூக்கை வைத்தே அது நேற்று அடித்ததா இன்று அடித்ததா என்று சொல்லிவிடலாம்.

ஐம்பதுகளின் நடுவில், இருபது வயதில், சிங்கப்பூர் ஆற்றோரம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் டைப் அடிக்கும் கிராணியாகச் சேர்ந்தேன். குமாஸ்தாவை அப்போது இங்கே கிராணி என்றுதான் சொல்வார்கள். கீழே கிடங்கு, மேலே ஆபீஸ். கீழேயிருந்து ரப்பர் ஷீட்டின் புகைவாடையும் கொப்பரையின் சிக்கு வாடையும் படியேறி வரும். மேலேயிருந்து கார்பனும் துரையின் பைப் புகையிலையும் படியிறங்கிப் போகும். இரண்டும் மாடிப்படியின் நடுவில் சந்தித்துக்கொள்ளும். அந்த நடுப்படிதான் என் உத்தியோகம். துரையின் ஆங்கில அறிவிப்புகளை மேலே அடித்துவிட்டு, நடுப்படியில் நின்று, கிடங்குத் தொழிலாளர்களுக்குத் தமிழில் சொல்லவேண்டும்.

'மே' போன்ற ஆங்கிலத் துணைவினைகளை நான் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்தவன். படித்ததை எனக்குப் புரிகிற மாதிரி மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். 'மஸ்ட்' போலீஸ்காரன். 'ஷுட்' பெரியம்மா, சொன்னதைச் செய்யாவிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சொல்லிக்காட்டுவாள். 'கேன்' பயில்வான், தூக்க முடியும் என்பான், தூக்குவானா என்பது வேறு விஷயம். 'மே' வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராமல் நிற்கிற விருந்தாளி. 'மைட்' தெருமுனையிலேயே நின்றுவிட்ட அதே ஆள். 'வில்' ஒருவன்தான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்காருகிறவன்.

இவ்வளவு தெரிந்தவன் என்ன செய்தேன் தெரியுமா? நடுப்படியில் நின்றதும் எல்லாவற்றையும் பெரியம்மா ஆக்கிவிடுவேன். கீழே நிற்கிற இருபது பேரும் மூட்டை தூக்கித் தூக்கித் தோள் காய்த்தவர்கள். நானோ மூட்டையோடு சேர்த்துத் தூக்கிவிடக்கூடிய உடம்பு. அவர்களிடம் போய் 'மஸ்ட்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒருநாள் கிடங்குக்குள் புகை பிடிக்கக் கூடாது என்று துரை கண்டிப்பாக எழுதியிருந்தார். போலீஸ்காரனே நேரில் வந்து நின்றான். நான் சொன்னேன்: "கெடங்குக்குள்ள பீடி பிடிக்காம இருந்தா நல்லதுன்னு தொர நெனைக்கிறாரு."

"தொர நெனைக்கிறாரா, நீ நெனைக்கிறியா?" என்றார் கூட்டத்திலிருந்து வேலாயுதம்.

வேலாயுதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மாயவரம் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் கிடங்கின் தராசு அவர் கையில்தான். மூட்டையைத் தொங்கவிட்டுவிட்டு, முள் ஆடி அடங்கும்வரை மூச்சுக்கூட விடாமல் பார்ப்பார். நின்ற பிறகும் ஒரு தட்டுத் தட்டி, மறுபடி நிற்கிறதா என்று பார்ப்பார். மனிதர்களையும் அப்படித்தான்.

மறுநாள் பீடியோடு மாட்டிக்கொண்ட மூன்று பேரைத் துரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூவரும் நேரே என்னிடம் வந்தார்கள். "நல்லதுன்னுதானப்பா சொன்னே? எங்களுக்கு நல்லது வேணாம்னு பிடிச்சோம்!" அதில் நியாயம் இருந்தது. அன்றுமுதல் நான் தமிழில் எதைச் சொன்னாலும் கீழே இருபது பேரும் வேலாயுதத்தின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் கண்ணைச் சுருக்கி என்னை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். முள் நிற்காது.

என்னை நம்பாமல் கிடங்கில் ஒரு மாற்று ஏற்பாடே நடந்துகொண்டிருந்தது. கிடங்குக் கிராணி காதர் மைதீன், நாகூர்க்காரர், என் வயதுதான். அவருக்குக் குதிரைப் பந்தயத்தில் தீராத ஆசை. ஆனால் பந்தயம் கட்டுவது மார்க்கத்துக்கு ஆகாது என்பதால் ஒருநாளும் கட்டமாட்டார். எந்தக் குதிரை, எந்த மண்ணில், மழைக்கு எப்படி ஓடும் என்று சும்மா ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பார். அந்த நோட்டின் பின்பக்கத்தில் துரையின் சொற்களையும் ஓடவிட்டிருந்தார். துரை என்றைக்கு எந்தச் சொல் போட்டு எழுதினார், கடைசியில் அது நடந்ததா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

"இலக்கணம்னு ஒண்ணு இருக்கு காதர். புத்தகத்துலேயே போட்டிருக்கான்" என்றேன்.

"புத்தகத்துல குதிரைக்கு நாலு காலுன்னுதான் மாப்ளே போட்டிருக்கும். ஓடுமான்னு போட்டிருக்காது லா" என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வேலாயுதத்தின் மனைவி பாக்கியமும் ஒரே மகளும் ஊரில் இருந்தார்கள். மகளுக்கு ஏழு வயது. இவர் அவளை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். அழைத்துக்கொள்ளலாம் என்றால் இருக்க இடமில்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு லைன் இருந்தது. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறை. ஓர் அறைக்கு ஆறு ஒண்டிக்கட்டைகள். குடும்பஸ்தனுக்குத் தனி அறை வேண்டுமென்றால் துரை கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஊரிலிருந்த மாமனார். வேலாயுதம் முன்னால் இரண்டு தடவை 'இதோ கூப்பிடுகிறேன்' என்று எழுதிவிட்டுக் கூப்பிடாமல் இருந்தவர். அதனால் மாமனார் திட்டமாகச் சொல்லிவிட்டார்: வீடு உண்டு என்று வெள்ளைக்காரன் எழுதிய காகிதம் வரட்டும், நம்மூர் போஸ்ட்மாஸ்டர் படித்துச் சொல்லட்டும், அப்புறம் பெண்ணைக் கப்பலேற்றுகிறேன். வெளியூரிலிருந்து குடும்பத்தைக் கொண்டுவருவதற்குச் சட்டம் இறுகப்போகிறது என்று தேக்கா மார்க்கெட் முழுக்க அப்போது பேச்சு. இந்த வருஷம் விட்டால் விட்டதுதான் என்று வேலாயுதம் பயந்துபோயிருந்தார்.

துரை அந்தக் கடிதத்தைச் சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். குடும்பம் வந்து சேர்ந்ததும் லைனில் இவருக்கு ஓர் அறை ஒதுக்கப்படலாம். 'மே'. அடித்தேன், கையெழுத்தானது, எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். நடுப்படியில் வேலாயுதம் நின்றுகொண்டிருந்தார். தராசை விட்டுவிட்டு வந்திருந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. கண் சுருங்காமல் இருந்தது.

"என்னா தம்பி போட்டிருக்கு?"

பழக்கதோஷம். "ரூமு உண்டுண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கையை நீட்டினார். நான் காகிதத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். "சீல் வைக்கணும்ணே. சாப்பாட்டுக்கு அப்புறம் தர்றேன்" என்றேன். வாயால் சொன்னதை வாயால் மாற்ற எனக்குத் தைரியம் இல்லை. அதனால் காகிதத்தை வாய்க்குத் தக்கபடி மாற்றுவது என்று முடிவு செய்தேன். கோழைகள் செய்கிற தைரியமான காரியங்களுக்கு அளவே இல்லை.

எல்லோரும் சாப்பிடப் போன நேரம். தாளை மறுபடி மெஷினில் மாட்டினேன். என்ன போடுவது? 'மஸ்ட்' போடலாம், ஆனால் துரை தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். 'ஷல்' போட்டால் கம்பீரம். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து, இடம் கொள்ளாது. 'கேன்' அச்சாக மூன்றெழுத்து, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்காரும். ஆனால் அறை கொடுக்க முடியும் என்றால் அந்தப் போஸ்ட்மாஸ்டர், 'முடியும் சரி, கொடுப்பானா?' என்று கேட்டுத் தொலைப்பார். 'வில்' தான் சரி. நாலு எழுத்து. இருந்தது மூன்று எழுத்தின் இடம். மெஷினில் தாளைச் சுமந்து நகரும் வண்டியைக் கையால் பிடித்துக்கொண்டு அரை இடம் அரை இடமாக நகர்த்தி அடித்தால் நாலை மூன்றில் நெருக்கிவிடலாம். டைப்பிஸ்டுகளுக்கு அது தெரிந்த வித்தைதான். முதலில் அழிக்கவேண்டும். டைப் அழிக்கிற ரப்பர் வட்டமாக, பின்னால் ஒரு சின்ன பிரஷ்ஷோடு இருக்கும். மணலால் செய்தது போல் கரகரவென்று தாளைத் தின்னும். மூன்று எழுத்தையும் தின்றது. தாளும் அந்த இடத்தில் கொஞ்சம் இளைத்தது. மேலே நாலு எழுத்தை நெருக்கி உட்கார வைத்தேன். பஸ் பெஞ்சில் நாலு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. தூர வைத்துப் பார்த்தால் தெரியவில்லை.

வேலாயுதம் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். முதல் தடவையாக முள் நின்றது.

சாயங்காலம் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் எனக்குக் கார்பன் காப்பி ஞாபகம் வந்தது.

நண்பரே, அந்தக் காலத்தில் எந்தக் கடிதமும் தனியாகப் பிறக்காது. அடியில் கார்பன் வைத்து இன்னொரு மெல்லிய தாளையும் சேர்த்துத்தான் அடிப்போம். அசல் வெளியே போகும். நகல் ஃபைலுக்குப் போகும். நான் அசலில் 'வில்' போட்டுவிட்டேன். நகலில் 'மே' அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அந்த நகல் பச்சை இரும்பு அலமாரிக்குள். அலமாரியின் சாவி சீஃப் கிளார்க் பொன்னுத்துரையின் இடுப்பில்.

பொன்னுத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். துரைக்கே ஆங்கிலத்தில் பிழை திருத்துகிறவர். என் கடிதங்களில் நீலப் பென்சிலால் வட்டம் போட்டுப் போட்டு என்னை மனிதனாக்க முயன்று தோற்றவர். அவர் அலமாரிப் பக்கம் போனாலே என் விரல் டைப் மெஷினில் தடுமாறும். காதர் ஏதோ பழைய பில் வேண்டும் என்று வந்தால், இவருக்கு எதற்கு இப்போது பில் என்று தோன்றும். ஆபீஸைப் பெருக்குகிற பையனின் துடைப்பம் அலமாரிக்கு அடியில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால் அதுவும் சந்தேகம். ஒருநாள் துணிந்து, "சார், ஃபைல் எல்லாம் தூசி தட்டி வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

பொன்னுத்துரை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன், உமக்கு வேலை ஒண்டும் இல்லையோ?"

அவ்வளவுதான். அந்த 'ஏன்' எனக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. டேங்க் ரோடு முருகனிடம் நேர்ந்துகொண்டேன். அங்கேயும் என் புத்தி போகவில்லை பாருங்கள்: ஃபைல் வெளியே வராவிட்டால் பால்குடம் எடுக்கலாம் என்று 'மே' போட்டுத்தான் நேர்ந்துகொண்டேன்.

போஸ்ட்மாஸ்டர் படித்தார், மாமனார் சம்மதித்தார், பாக்கியமும் மகள் செல்வியும் கப்பலேறி வந்து சேர்ந்தார்கள். வேலாயுதம் துரையிடம் போய் நின்றதும் துரை பைப்பை வாயிலிருந்து எடுக்காமலே தலையாட்டி, அன்றைக்கே கடைசி அறையின் சாவியைக் கொடுத்துவிட்டார். கடிதத்தைக் கேட்கக்கூட இல்லை. நான் காதரிடம் மெதுவாக, "என்ன இப்படி உடனே குடுத்துட்டாரு?" என்றேன்.

காதர் நோட்டைத் திருப்பினார். "இந்தத் தொரையோட 'மே' இதுவரைக்கும் பதினோரு தடவ ஓடியிருக்கு மாப்ளே. பத்து தடவ ஜெயிச்சிருக்கு. இந்த ஆளு மரியாதைக்குத்தான் 'மே' போடுறாரு, கொடுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் எழுதுவாரு. நம்ப முடியாதது அவரோட 'வில்'தான். சம்பளம் கூடும், கூடும்னு எத்தன 'வில்' வந்து விழுந்துச்சு, பாரு."

அந்த நோட்டு நாலடி தூரத்தில் இருந்தது. ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

அடுத்த வருஷம் துரை ஊருக்குப் போய்விட்டார். புதுத் துரை வந்தார். இவர் வந்த வாரமே லைனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசி அறை தன் டிரைவருக்கு வேண்டும் என்றார். தராசுக்காரன் எந்த அதிகாரத்தில் அங்கே இருக்கிறான், காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். வேலாயுதம் அசலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கைபட்டுக் கைபட்டு மடிப்பு நைந்திருந்தது. புதுத் துரை அதைத் தொடாமல், "ஆபீஸ் நகலைக் கொண்டுவா" என்றார்.

இடுப்பிலிருந்து சாவி வந்தது. அலமாரி திறந்தது. நான் என் மேஜையில் உட்கார்ந்து, அடிப்பதற்கு ஒன்றும் இல்லாத மெஷினில் ஒரே எழுத்தை அடித்துக்கொண்டிருந்தேன். பொன்னுத்துரை ஃபைலைப் புரட்டினார். நகலை எடுத்தார். மேஜையிலிருந்த அசலைப் பார்த்தார். நகலைப் பார்த்தார். மறுபடி அசலைப் பார்த்தார். அந்த மனுஷனின் கண் எந்த இடத்தில் நின்றது என்று எனக்கு மெஷினிலிருந்தே தெரிந்தது. வேலாயுதம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அறை போனால் பாக்கியத்தையும் செல்வியையும் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

பொன்னுத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டார். நகலைத் தன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, சர்ச்சில் பைபிள் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அந்தச் சொல் வந்தது. 'வில்' என்றார். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. வாசித்து முடித்ததும் தாளை ஃபைலில் வைத்து, ஃபைலை அலமாரியில் வைத்து, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். புதுத் துரை முணுமுணுத்துவிட்டு, டிரைவருக்கு வேறு இடம் பார்க்கச் சொன்னார்.

பொன்னுத்துரை திரும்பி நடக்கும்போது என் மேஜையருகில் நின்றார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தன்மைக்கு ஷல், படர்க்கைக்கு வில். அதையாவது சரியா அடிச்சிருக்கிறீர்."

போய்விட்டார்.

நீங்களாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். எனக்குத்தான் புது வியாதி ஆரம்பித்தது. இந்த மனுஷன் ஏன் இதைச் செய்தார்? ஒரு காற்புள்ளியைக்கூட மன்னிக்காதவர். கையில் என் தலை இருக்கிறது. என்றைக்கு, எதற்கு, இதை வைத்து என்னை மடக்கப்போகிறார்? அவர் "இஞ்ச வாரும்" என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் இதோ வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே போவேன். அவர் நீல வட்டத்தைக் காட்டுவார். இவ்வளவுதானா என்று திரும்புவேன். வட்டத்துக்குள் ஏதாவது குறிப்பு இருக்குமோ என்று அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பல வருஷம் இப்படியே ஓடியது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஓய்வுபெற்று யாழ்ப்பாணம் போகிற நாளில் கப்பல் துறையில் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டேன்.

"சார், அன்னைக்கு அந்த நகல்ல..."

"அண்டைக்கோ?" மூக்கின் மேலிருந்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அண்டைக்கு நான் கண்ணாடி கொண்டுவர மறந்துபோனன்."

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கண்ணாடி போட்டுத்தான் படித்தார்.

வேலாயுதம் குடும்பம் அந்த அறையில் ஒன்பது வருஷம் இருந்தது. தீபாவளிக்குத் தவறாமல் போவேன். வேலாயுதம் பாயில் உட்காருவார். எனக்குக் கட்டிலடியிலிருந்து ஒரு பெரிய தகரப்பெட்டியை இழுத்துப் போட்டு, அதன் மேல் உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்து அதிரசம் தின்பேன். என்னால்தான் இவர்களுக்கு இந்த அறை என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. பெருமைக்கு இனிப்பு நன்றாக இறங்கும்.

அப்புறம் தோ பாயோவில் அரசாங்க வீடு கிடைத்தது. லைன் காலியாகிக்கொண்டிருந்தது. சாமான் ஏற்ற நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். ஏழாவது மாடி. சுண்ணாம்பு வாசனை போகாத சுவர். வேலாயுதம் கீழே லாரிக்காரரோடு வாய்ச்சண்டையில் இருந்தார். நான் அந்தத் தகரப்பெட்டியைத் தூக்கிவந்து இறக்கி, வழக்கம்போல் அதன் மேல் உட்காரப் போனேன்.

"ஒக்காராதீங்கண்ணே. தொறக்கணும்" என்றார் பாக்கியம்.

இடுப்பிலிருந்து சாவி எடுத்தார். திறந்தார். உள்ளே பித்தளைப் பாத்திரங்கள், வைக்கோல் சுற்றியபடி. இரண்டு நல்ல சேலை. ஒரு குத்துவிளக்கு, சாக்குத் துணியில் பொதிந்து கட்டிய முடிச்சு அவிழாமல். வைக்கோல் பழுப்பாகித் தொட்டாலே உதிர்ந்தது.

"ஊருக்குப் போக இப்பவே கட்டி வச்சிட்டீங்களா?" என்று சிரித்தேன்.

"ஊர்லேர்ந்து வந்தப்ப கட்டுனது. அப்படியே இருக்கு."

நான் சிரிப்பை நிறுத்தினேன்.

"அந்தக் காயிதத்தப் போஸ்ட்மாஸ்டர் படிச்சிட்டு, வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பாத்தாரு. எங்கப்பாவக் கூப்பிட்டு, இந்த எடத்துல சொரண்டியிருக்குன்னாரு. எங்கப்பா ரெண்டு நாளு யோசிச்சாரு. அப்பறம் எங்கிட்ட சொன்னாரு. போ. புருஷங்கிட்ட ஒண்ணும் கேக்காத. ஆனா பெட்டியப் பிரிக்காத. என்னைக்கு வேணா வெள்ளைக்காரன் எழுந்திரின்னு சொல்லுவான்." குரலை உயர்த்தாமல், வைக்கோலைத் தட்டிக்கொண்டே சொன்னார். "தெனம் எழுந்திரிச்சதும் வாசல்ல யாராவது நிக்கிறாங்களான்னுதாண்ணே பாப்பேன். ஒம்பது வருஷம்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"நீங்கதானே சொரண்டுனது? கம்பெனியில மெசினு வேற யாருகிட்ட இருந்திச்சு? ஒங்ககிட்டயே கேக்கவா?" நேராக என்னைப் பார்த்தார். "அதுக்கு முன்னாடி என்னா இருந்திச்சு?"

மெதுவாக்கிச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. "ரூமு கொடுக்கலாம்னு இருந்திச்சும்மா."

அவர் மேலே கிடந்த சேலையை எடுத்து வைக்கோலை உதறினார்.

"அதயே வச்சிருக்கலாமேண்ணே. கொடுக்கலாம்னா நேராப் போயி, எப்ப கொடுப்பீங்கன்னு கேட்டிருப்போம். சொரண்டியிருந்ததாலதான் கேக்கவே பயம்."

செல்வி வந்து பெட்டியின் அடியிலிருந்து எதையோ உருவினாள். அவளுக்கு அப்போது பதினாறு. பச்சைப் பட்டுப் பாவாடை, அரக்குக் கரை, ஏழு வயதுப் பெண்ணின் அளவு. மாமனார் கப்பலேற்றும்போது தைத்துக் கொடுத்ததாம். நிலையாக ஓரிடத்தில் உட்கார்ந்ததும் உடுத்திவிடலாம் என்று எடுத்து வைத்தது. அவள் அதை இடுப்பில் வைத்துப் பார்த்தாள். முழங்காலுக்கு மேலே நின்றது.

"அம்மா, இப்ப இதுதான் ஃபேஷன் லா!" என்று சிரித்தாள். அந்த வருஷம் ஆர்ச்சர்ட் ரோட்டில் எல்லாப் பெண்களின் பாவாடையும் அந்த உயரத்தில்தான் இருந்தது. நானும் சிரித்தேன். பாக்கியம் பாவாடையை வாங்கி மடியில் போட்டு, மடிப்பை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

லைன் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. ஆற்றில் தோணி இல்லை, கிடங்கு இருந்த மாடிக்குக் கீழே சாப்பாட்டுக் கடை. கம்பெனி போய்விட்டது. காதரும் நோட்டும் போய்விட்டார்கள். கிராணி என்று யாரையும் யாரும் கூப்பிடுவதில்லை. அவற்றுக்காக நான் பெரிதாக வருத்தப்படுவது கிடையாது, போகிறவை போகும். பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு, அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, ஏழு வயதில் ஒரு பெண் சிராங்கூன் ரோட்டில் தீபாவளிக்கு நடந்திருக்க வேண்டும். அது மட்டும் நடக்கவேயில்லை.